காற்றாடி சுழலும் வீட்டில் ஒரு டிசைன் வால்

தீபாவளி நெருங்கிவிட்டால் கோலாலம்பூரின் பேரங்காடிகளில் கீழ்த்தளத்தில் சாய அரிசியால் பெரிய கோலம் போட்டுவைப்பார்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தால் பச்சை அரிசி, மஞ்சள் அரிசி, அவ்வளவுதான். மின்படியில் ஏறி இரண்டாவது மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு பார்க்கும்போதுதான் மயில் தெரிகிறது. துண்டுத் துணிகளை இணைத்து கில்ட் என்னும் போர்வை தைக்கிறவருக்கும் அந்த இரண்டாவது மாடி வேண்டும். நாமோ துணிக்கும் கண்ணுக்கும் ஓரடி இடைவெளி விட்டு, தையல் இயந்திரத்தின் விளக்கடியில் மூக்கை நுழைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். தைத்து முடித்து விரித்த பிறகுதான் மயிலா மைனாவா என்று தெரிகிறது. பிறகு உட்கார்ந்து தையல் பிரிக்க வேண்டியதுதான்.

அந்த இரண்டாவது மாடிக்கு டிசைன் வால், அதாவது வடிவமைப்புச் சுவர் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். சுவரோடு நிற்கும் பஞ்சுத்தன்மையுள்ள ஒரு துணி, அவ்வளவே. பருத்தித் துண்டை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் குண்டூசி இல்லாமலே நிற்கும். பள்ளித் திடலைக் கடந்து வந்தால் பாவாடை ஓரமெல்லாம் கெமுன்சுப் புல் பற்றிக்கொண்டு வருமே, ஏறக்குறைய அதே சங்கதி. ஃபிளானல் என்னும் அந்தப் பஞ்சுத் துணியின் மேல் நிற்கும் நுண்ணிய இழைகள் பருத்தியைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிக்காத துண்டை உரித்து வேறு இடத்தில் வைக்கலாம், பத்துத் தடவை வேண்டுமானாலும்.

“தரை போதாதா?” என்று கேட்பார்கள். நானும் மூன்று ஆண்டுகள் தரையில்தான் பரப்பினேன். தரையில் ஒரு கோளாறு உண்டு: நாம் நிற்பது ஒரு பக்கமாக. காலடியில் இருக்கும் துண்டு பெரிதாகவும் எதிர்முனைத் துண்டு சிறிதாகவும் தெரியும். நிறங்களை ஒப்பிடவே முடியாது. அதோடு முதுகுவலி, வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி, விளக்குமாறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்றுச் சொச்சம் முக்கோணங்களை ஹாலில் அடுக்கிவிட்டு, தேநீர் போட அடுப்படிக்குப் போனேன். வெளியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தவர் பாவம், காற்றாடியை 5-ல் வைத்துவிட்டார். கடைசி முக்கோணம் நான்கு மாதம் கழித்து சோபாவுக்குப் பின்னால் கிடைத்தது.

நம் ஊரில் டிசைன் வால் செய்ய முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் காற்றாடி வராது. மேற்கு வெயில் வராது, சுவர் வேர்ப்பது வராது. அவர்கள் வீட்டுச் சுவர் பல இடங்களில் உள்ளே மரச்சட்டம் வைத்தது; எங்கு வேண்டுமானாலும் ஸ்டேபிள் அடிக்கலாம். நம்முடையது தாமான் வீடு என்றால் செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும், அடுக்குமாடி என்றால் கான்கிரீட். அதனால் அவர்கள் செய்முறையை அப்படியே எடுக்காமல், நம் சுவருக்கும் காற்றுக்கும் ஏற்ற மாதிரி செய்வோம்.

முதலில் இடம்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். குளியலறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுவர் வேண்டாம். பெயிண்ட் எங்கேயாவது கொப்பளித்திருந்தாலோ, காலையில் தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தாலோ, அந்தச் சுவரும் வேண்டாம். அங்கே மாட்டிய துணி கொஞ்ச நாளில் பூஞ்சைக்குச் சாப்பாடாகிவிடும். மேற்குப் பார்த்த சன்னலின் வெயில் நேராக விழும் சுவரையும் விட்டுவிடுங்கள். கில்ட் துண்டுகள் வாரக்கணக்கில் மாட்டியபடியே இருக்கும்; ஒரு பக்கம் வெளுத்துப்போனால் ஒன்றும் செய்ய முடியாது.

காற்றாடி விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. கூரைக் காற்றாடியின் காற்று நேராகக் கீழே இறங்கித் தரையில் மோதி, நான்கு பக்கமும் பரவி, சுவரோரமாக மேலே ஏறும். அதனால்தான் சுவரில் ஒட்டிய துண்டின் கீழ் விளிம்புதான் முதலில் படபடக்கிறது. துணியைப் போர்த்தி மாட்டப்போகும் பலகையின் அடி தரையிலிருந்து இரண்டரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் அலமாரி இருந்தால் நல்லது, காற்றைக் கொஞ்சம் மறிக்கும். மாட்டுவதற்கு முன் டிஷ்யூ தாளை நாடாநாடாகக் கிழித்துச் சுவரில் நாலைந்து இடங்களில் செலோடேப்பால் ஒட்டி, வழக்கமாக வைக்கும் வேகத்தில் காற்றாடியைப் போட்டுப் பாருங்கள். எந்த நாடா அடங்கி நிற்கிறதோ, அதுதான் உங்கள் இடம்.

அப்புறம் தூரம். பலகைக்கு முன்னால் குறைந்தது 6 அடி பின்னால் நகர்ந்து நிற்க இடம் வேண்டும். 8 அடி கிடைத்தால் மகிழ்ச்சி. சிறிய அறைதான் என்றால் எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடியை வையுங்கள். பலகைக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடியில் பார்த்தால், பார்க்கும் தூரம் கூடிவிடும். இடம் வலம் மாறித் தெரிவதில் இன்னொரு லாபம்: கண் பழகிப்போன அடுக்கு திடீரென்று புதிதாகத் தெரியும், பிசகு தானாகக் கண்ணில் படும்.

சாமி மேடைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பலகைக்கு வரும்போது சொல்கிறேன்.

துணி

பணத்தையும் கவனத்தையும் செலவழிக்க வேண்டிய இடம் இது. பலகை எதுவானாலும் சமாளிக்கலாம். துணி சரியில்லை என்றால் துண்டுகள் நிற்காது.

கோலாலம்பூரில் துணி என்றால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் மஸ்ஜிட் இந்தியா பக்கமும்தான். காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எல்ஆர்டி ரயிலில் பண்டாராயா நிலையத்தில் இறங்கி நடக்கலாம். சனிக்கிழமை மாலையில் பக்கத்து லோரோங்கில், அதாவது சந்தில், இரவுச் சந்தை போடுவார்கள். துணி வாங்கும் நாளாக அதை வைத்துக்கொண்டால் துணிக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கையில் அப்பம் பாலிக் இருக்கும்.

கடையில் ஃபிளானல் என்று கேட்டால் சில சமயம் ஃபெல்ட் துணியை எடுத்துப் போடுவார்கள். ஃபெல்ட் என்பது நெய்யாமல் அழுத்தி ஒட்டிய தடித்த துணி, கைவினைப் பூக்கள் வெட்டுவதற்கானது. நமக்கு வேண்டியது நெய்த பருத்தித் துணியில் மேற்பரப்பை வாரிப் பஞ்சு எழுப்பியது. பச்சைக் குழந்தைக்குப் பெடோங் கட்டும் மெத்தென்ற துணி என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். அகலத்தை இங்கே பிடாங் கணக்கில் சொல்வார்கள். பிடாங் 60 என்றால் 60 அங்குல அகலம், பிடாங் 45 என்றால் 45. நீங்கள் கேட்க வேண்டியது பிடாங் 60. ஒட்டுப் போடாமல் ஒரு பலகையை மூடும்.

கைப்பையில் இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்று, 5 அங்குலச் சதுரம் ஒன்று, துண்டுகளைச் சேர்த்துத் தைத்து முடித்த கட்டம், அதாவது பிளாக் ஒன்று எடுத்துப் போங்கள். துணியைக் கையில் தொங்கவிட்டு, துண்டுகளை ஒட்டி, லேசாக உதறிப் பாருங்கள். சிறிய சதுரங்கள் இரண்டும் அசையாமல் நிற்க வேண்டும். தைத்த பிளாக் பின்பக்கத் தையல்களின் கனத்தில் விழத்தான் செய்யும். அதற்குக் குண்டூசி இருக்கிறது. நான் இப்படி உதறிக்கொண்டிருந்தபோது கடையில் இருந்த பெண், “என்னக்கா, துணிக்கு திருஷ்டி கழிக்கிறீங்களா?” என்று கேட்டாள். கேட்டால் கேட்கட்டும். பாவாடை மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ள முடியாது, வெட்டிய துணி வெட்டியதுதான்.

நிறம்? வெள்ளை வேண்டாம் என்பது என் கட்சி. நம் கில்ட்களில் வெள்ளைப் பின்னணி அதிகம். வெள்ளையின் மேல் வெள்ளை காணாமல் போய்விடும். இளஞ்சாம்பல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். இல்லாவிட்டால் பழுப்பு வெள்ளை. கரடியும் வாத்தும் அச்சிட்ட குழந்தைத் துணி மலிவாகக் கிடைக்கும், ஆசைப்படாதீர்கள். நிறத்தை முடிவு செய்யும் நேரத்தில் வாத்து நடுவில் எட்டிப் பார்க்கும்.

ஃபிளானல் கிடைக்காத நாளுக்கு மூன்று மாற்று உண்டு. கில்ட்டின் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பான பருத்தி வாடிங் மிச்சம் கிடந்தால், அது எல்லாவற்றையும்விட நன்றாகப் பிடிக்கும், ஆனால் நூலையும் தூசியையும்கூட அதே பாசத்தோடு பிடித்துக்கொள்ளும். கடைகளில் மடித்து அடுக்கியிருக்கும் மலிவான ஃப்ளீஸ் போர்வை அகலமானது, ஒட்டுப் போட வேண்டியதில்லை. இழுத்தால் நீளும், அதனால் பலகையில் பொருத்தும்போது நிதானம் தேவை. மூன்றாவது, பிளாஸ்டிக் மேசைவிரிப்பின் பின்பக்கம். பலருக்குத் தெரியாது, அந்தப் பின்பக்கம் பஞ்சாக இருக்கும். முதல் கில்ட்டுக்கு அது போதும். ஆனால் வெக்கையில் பிளாஸ்டிக் பக்கம் சுவர்ப் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டில் சேரும் கத்தரிப்புத் துணி, மலாய்க்காரர்கள் கைன் பெர்ச்சா என்பார்களே, அதில் எல்லாம் ஒரே மாதிரி நிற்காது. பாத்தேக் பருத்தி, வேட்டித் துணி, சுங்குடி எல்லாம் நல்ல பிள்ளைகள். கைன் பெலிக்காட் கைலித் துணியும் அப்படித்தான்; பழவேற்காட்டிலிருந்து கப்பலேறி வந்ததால் அந்த ஊரின் பெயரையே சுமக்கும் துணி அது. பட்டுச்சேலைத் துண்டு மட்டும் நிற்காது, வழுக்கிக்கொண்டு வரும். சரிகை சேர்ந்தால் கனம் வேறு. பட்டுக்கு எப்போதும் குண்டூசி.

வாங்கிய துணியை ஒரு தடவை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பருத்தி ஃபிளானல் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இஸ்திரி போடுவதென்றால் பின்பக்கம் போடுங்கள், பஞ்சு படுத்துவிடாமல் இருக்கும்.

பலகை

ஹார்ட்வேர் கடையில் பாலிஸ்டைரின் பலகை என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் தெர்மாகோல் என்பார்கள். 4 அடிக்கு 8 அடி, 1 அங்குலக் கனம் போதும். அரை அங்குலம் வேண்டாம். வளையும், குண்டூசி மறுபக்கம் வந்து சுவரைக் கீறும். அழுத்தினால் சட்டென்று குழி விழாத ரகமாகப் பார்த்து எடுங்கள்.

முழுப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவரும் வீரத்தை நான் ஒருமுறை காட்டியிருக்கிறேன். மைவி காரில் நுழையாது. கூரையில் கட்டினால் காற்றில் பாய்மரம். கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள்: 8 அடி நீளத்தை 3, 3, 2 என்று. இப்போது உங்களிடம் 3 அடிக்கு 4 அடிப் பலகை இரண்டும், 2 அடிக்கு 4 அடியில் ஒன்றும் இருக்கின்றன. பெரிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 6 அடி அகலம், 4 அடி உயரம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 4 அடி அகலம், 6 அடி உயரம். கில்ட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். சின்னது தையல் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பதற்கு.

6 அடி அகலம் எவ்வளவுக்குத் தாங்கும்? 12 அங்குல பிளாக் என்பது ஓரம் தைப்பதற்கு முன் பன்னிரண்டரை அங்குலம். ஐந்து பிளாக்குக்கு அறுபத்திரண்டரை. 72 அங்குலப் பலகையில் இடம் மிச்சம். உயரத்தில் மூன்று வரிசை. ஆக 15 பிளாக் ஒரே பார்வையில். கட்டில் அளவு கில்ட் முழுவதும் தெரியாதுதான். பாதிப் பாதியாகப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். முதல் கில்ட்டே கட்டில் அளவாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

துணிக் கணக்கு: பெரிய பலகை ஒவ்வொன்றுக்கும், பின்னால் மடிக்க நாலு பக்கமும் 6 அங்குலம் விட்டால், 48 அங்குல நீளம். இரண்டுக்கு 96. சின்னதற்கு 36. மொத்தம் 132 அங்குலம். சுருக்கத்தையும் சேர்த்து 3.75 மீட்டர் வாங்குங்கள். துணியும் பலகையும் குண்டூசியும் சேர்த்து எனக்கு 100 வெள்ளிக்குள் முடிந்தது.

பொருத்தும் முறை இது. துணியை நல்ல பக்கம் கீழாகத் தரையில் விரித்துப் பலகையை நடுவில் வையுங்கள். ஒரு பக்கத்தின் நடுப்பகுதியை மடித்துப் பின்புறம் அகலமான துணி டேப்பால் ஒட்டுங்கள். அடுத்து அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தின் நடு. அப்புறம் மற்ற இரண்டு பக்கங்களின் நடு. பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி. ஒரே பக்கத்தை முதலில் முடித்துவிட்டு வந்தால் துணி கோணிக்கொள்ளும். மூலைகளை, பரிசுப் பொருள் சுற்றுவதுபோல் மடித்தால் போதும். டேப் ஈரத்தில் விட்டுக்கொடுக்கும் என்பதால், ஒரு சாண் இடைவெளியில் குண்டூசியைச் சாய்வாகத் தலைவரை ஏற்றிவிடுங்கள். மேளம் மாதிரி விறைப்பாக இழுக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் இருந்தால் சரி.

பசை போடலாமா என்று கேட்பீர்கள். ஸ்ப்ரே பசைகளில் பல வகை பாலிஸ்டைரினைக் கரைத்துக் குழி குழியாகத் தின்றுவிடும். டேப் போதும். துவைக்க வேண்டிய நாளில் கழற்றவும் எளிது.

சாமி மேடை விஷயத்துக்கு வருகிறேன். பாலிஸ்டைரின் சட்டென்று தீப்பிடிக்கும், கரும்புகை கக்கும். காமாட்சி விளக்கு, ஊதுபத்தி, சூடம் இவற்றுக்கெல்லாம் நன்றாகத் தள்ளியே இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டியையும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

மரச்சட்டம் அடித்துத் துணியை இழுத்துக் கட்டும் முறையும் உண்டு. மெராந்திச் சட்டம் எங்கும் கிடைக்கும். முதல் தடவைக்கு நான் சொல்ல மாட்டேன்: கனம், கரையான், குண்டூசி குத்த இடமில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

சுவரில் ஓட்டை போடக்கூடாது என்ற நிபந்தனையோடு இருப்பவர்கள் பலகையை விட்டுவிட்டுத் துணியை மட்டும் தொங்கவிடலாம். மேல் விளிம்பில் 3 அங்குலம் மடித்துத் தைத்து, திரைச்சீலைக் கம்பி நுழையும்படி செய்யுங்கள். ஏற்கெனவே இருக்கும் சன்னல் கம்பியே போதும். வேலை செய்யும் நேரத்துக்குத் திரைக்கு முன்னால் மாட்டிக்கொள்ளலாம். அடி விளிம்பிலும் அதே மாதிரி மடித்து பிவிசி குழாய் ஒன்றை நுழைத்தால் துணி ஆடாமல் நிற்கும். நிமிர்ந்து நிற்பதற்கும் அந்தக் குழாய்தான், சுருட்டிவைப்பதற்கும் அதுதான். விருந்தாளி வருகிறார் என்றால் துண்டுகளின்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக் கீழிருந்து மேலாகச் சுருட்டிவிடலாம். விரிக்கும்போது ஒன்றிரண்டு நகர்ந்திருக்கும், பெரிய சேதம் இல்லை.

மாட்டுவது

பாலிஸ்டைரின் பலகைக்கு மாட்டவே தேவையில்லாத வழி ஒன்று உண்டு: நீளமான மேசையின்மேல் வைத்துச் சுவரில் சாய்ப்பது. அடியில் நழுவாமல் ஒரு மரச்சட்டம் போட்டால் போதும். மேல்விளிம்பு சுவரைத் தொட, அடி ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் முன்னால் இருக்கட்டும். இந்தச் சாய்வு சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் துண்டுகள் பிடிமானத்தை மட்டும் நம்பாமல் கொஞ்சம் பலகையின்மேல் சாய்ந்தும் நிற்கின்றன. காற்றாடி வீட்டில் இதற்கு ஈடு கிடையாது.

சுவரில்தான் வேண்டும் என்றால், அதிர்வுத் துளைப்பானால் 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு வால்பிளக் நுழைத்துத் திருகாணி போடுங்கள். சிமெண்டுச் சுவரில் சாதா ஆணியை அடித்தால் ஆணி வளையும், பூச்சு உதிரும். சுவிட்சுக்கும் பிளக் சாக்கெட்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள். மின்கம்பி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும். ஒட்டும் கொக்கி நல்லதுதான், பெயிண்ட் நல்லதாக இருந்தால். விரலால் தேய்த்து மாவு ஒட்டுகிற சுவரில் கொக்கி இரவில் விழும், பெயிண்டையும் கூட்டிக்கொண்டு.

எப்படி மாட்டினாலும் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் அரை அங்குலம் காற்றுப் போக இடம் விடுங்கள். பலகையின் பின்பக்கம் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் மூடிகளை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

விளக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. மஞ்சள் விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோல் தெரியும். பெட்டியில் 6500 கே, டேலைட் என்று போட்டிருக்கும் எல்இடி குழல் வாங்குங்கள். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது. கடைசி முடிவை மட்டும் காலை வெளிச்சத்தில் எடுங்கள்.

இனி அடுக்கலாம்

முதலில் எல்லாத் துண்டுகளையும் எப்படியோ ஒட்டிவிடுங்கள், அழகு பார்க்க வேண்டாம். ஒட்டிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். பூவும் கோடும் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். ஒரு மூலையில் இருட்டு கும்பலாக உட்கார்ந்திருந்தால் உடனே தெரியும்.

அதைவிட நம்பகமானது கைப்பேசி. படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். புதிதாகத் தைக்கிறவர்கள் பெரும்பாலும் நிறத்தை மாற்றுகிறோம் என்று நினைத்து ஒரே அழுத்தமுள்ள துணிகளை அடுக்கிவிடுகிறோம். சிவப்பும் பச்சையும் நேரில் சண்டை போடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக நிற்கும். அப்படியானால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு உங்கள் நட்சத்திரம் தெரியாது. ஏதாவது ஒன்றை வெளிறியதாகவோ கருத்ததாகவோ மாற்றுங்கள்.

டிசைன் வால் ஒரு பொய்யும் சொல்லும், அதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் இருக்கும் துண்டுகளில் ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குள் போகப்போகும் கால் அங்குலமும் தெரிகிறது. இரண்டரை அங்குலச் சதுரம் 16 வரிசையாக வைத்தால் சுவரில் 40 அங்குலம். தைத்த பிறகு ஒவ்வொன்றும் 2 அங்குலம்தான், ஆக 32, ஓரத்தில் ஓர் அரை. சரி, மொத்தம் சுருங்குகிறது என்பதோடு போனால் பரவாயில்லை. எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதுதான் வம்பு. ஆறரை அங்குலத் துண்டு 6 ஆகும், பெரிய வித்தியாசம் இல்லை. பிளாக்குகளுக்கு நடுவில் போடும் ஒன்றரை அங்குலப் பட்டை 1 அங்குலம் ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதனால் சுவரில் மெல்லிய பட்டைகள் தங்கள் தகுதிக்கு மேல் சத்தம் போடும். ‘இந்தச் சிவப்புப் பட்டை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே’ என்று தோன்றினால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நாலைந்து துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அரை அங்குலம் ஏறும்படி வைத்துப் பாருங்கள். தைத்தால் எப்படி இருக்குமோ அப்படியே தெரியும். நான் இதைத் தெரிந்துகொண்டது, அழகான சிவப்பைக் கழற்றிவிட்டுச் சாம்பல் பட்டை போட்டுத் தைத்து, கில்ட் முழுவதும் சோர்ந்துபோன பிறகு.

ஒரே இரவில் முடிவு செய்ய வேண்டாம். அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பல் துலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போது கண் எந்தத் துண்டில் போய் இடறுகிறதோ அதை மாற்றுங்கள். ஆனால் விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பூனை, பிள்ளைகள், காற்றாடி எல்லாம் இரவில்தான் வேலை செய்யும்.

அடுக்கு முடிவானதும் ஒவ்வொரு வரிசையின் இடதுகோடித் துண்டிலும் வரிசை எண் எழுதிய சின்னத் தாளைக் குண்டூசியால் குத்துங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு வரிசை மட்டும் இறங்கட்டும். வலதுகோடியில் தொடங்கி இடப்பக்கமாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எண் தாள் உள்ள துண்டு மேலே வரும். அந்த அடுக்கைச் சின்னப் பலகையில் விரித்து ஒட்டிக்கொண்டு இயந்திரத்துக்குப் போங்கள். தைத்த வரிசையைச் சுவரில் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். தைத்த வரிசைக்குக் கனம் கூடியிருக்கும், ஒரு சாணுக்கு ஒரு குண்டூசி போடுங்கள். ஊசியை நேராகக் குத்தாமல் மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாகக் குத்தினால் பிடிப்பு அதிகம்.

ஊசியை மறந்து மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் மலிவான குண்டூசி துருப்பிடித்துத் துணியில் பழுப்புப் பொட்டு வைக்கும், அது போகாது. துருப்பிடிக்காத எஃகு ஊசி கொஞ்சம் விலை, ஆனால் வாங்கலாம்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பலகையை நகர்த்திப் பின்பக்கம் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் டேப்பைப் பிரித்துத் துணியைத் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். நூல் பிசிறுகளுக்கு ஆடையில் முடி எடுக்கும் ஒட்டு உருளை போதும். பஞ்சு எழும் என்று பயந்து தடவத் தயங்காதீர்கள், எழுந்தால் நமக்கு நல்லதுதான். வேலை இல்லாத நாட்களில் மேலே ஒரு பழைய கைலியைப் போர்த்திவையுங்கள். வெயிலுக்கும் ஆயிற்று, மேலே ஓடும் பல்லிக்கும் ஆயிற்று.